கட்டையைத் தூக்கிக் கடலில் போடு!

காலை மணி 9.12. பக்கத்து நாற்காலித் தம்பி வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாய்த் தட்டி, லாகின் ஆவதற்குள் 9.14. எங்கள் ஆபீஸில் 9.10-ஐத் தாண்டினால் அரை நாள் லீவு காலி. தப்பிக்க ஒரே வழி, ஃபாரத்தில் காரணம் எழுதி மேலதிகாரி சிபாரிசு செய்ய வேண்டும். அந்த மேலதிகாரி, அடியேன்!

"சார், லாக்னா மரக்கட்டைதானே? காலங்காத்தால எதுக்கு சார் கட்டையை 'இன்' பண்ணச் சொல்றாங்க?" என்றான் கடுப்பில்.

அவன் என்னவோ எரிச்சலில்தான் கேட்டான். விடை தேடிப் போனால், அது நிஜமாகவே ஒரு மரக்கட்டையில் போய் நிற்கிறது!

பாய்மரக் கப்பல் காலம். நடுக்கடலில் கப்பல் என்ன வேகத்தில் போகிறது என்று எப்படித் தெரியும்? அங்கே மைல்கல்லா நட்டு வைத்திருக்கிறது? மாலுமிகள் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி, கப்பலின் பின்பக்கம் கடலில் வீசினார்கள். கட்டை கிட்டத்தட்ட விழுந்த இடத்திலேயே கிடக்கும். கப்பல் முன்னே போகப் போக, கயிறு சரசரவென்று ஓடும். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. பக்கத்தில் 28 விநாடி ஓடும் மணல் கடிகாரம். மணல் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு நழுவியதோ, அதுதான் வேகம்.

முடிச்சுக்கு இங்கிலீஷில் 'நாட்'. கப்பல் வேகத்தை இன்றைக்கும் நாட் கணக்கில் சொல்வது இதனால்தான். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். இந்தக் கட்டை வித்தையை வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574-லேயே புத்தகத்தில் எழுதிவிட்டார்.

கட்டை சொன்ன கணக்கைக் குறித்து வைக்க ஒரு நோட்டு வேண்டுமே? அதுதான் லாக் புக். பிறகு காற்று, திசை, நடந்தது எல்லாம் அதில் ஏறின. கடைசியில் 'லாக்' என்றாலே 'பதிவு செய்' என்று ஆகிவிட்டது. கட்டை மறைந்தது, பெயர் மட்டும் நின்றது.

1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. யார் வந்தார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கணக்கு வைக்க வேண்டும். கப்பல் நோட்டு மறுபடி திறந்தது. ஆக, லாக் இன் என்றால் கதவைத் திறந்து நுழைவதல்ல, நோட்டில் பேரை ஏற்றுவது. தமிழில் 'உள்நுழை' என்கிறோமே, அதில் இருக்கும் கதவு இங்கிலீஷில் கிடையாது!

இன்னொரு வேடிக்கை. 1969 அக்டோபர் 29 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மாணவர் சார்லி க்லைன், சுமார் 560 கிலோமீட்டர் தள்ளியிருந்த இன்னொரு கம்ப்யூட்டருக்கு முதன்முதலாக 'லாகின்' என்று டைப் அடித்தார். எல் போனது. ஓ போனது. மூன்றாவது எழுத்தில் அந்தப் பக்கத்து மெஷின் படுத்துவிட்டது! சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழு வார்த்தையும் போய்ச் சேர்ந்தது. இன்டர்நெட்டின் பாட்டன் அர்ப்பாநெட் பிறந்த கதை இது. அன்றைக்கு அவர்களுக்கு யாரும் அரை நாள் வெட்டியதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"அப்ப அந்தக் கட்டை, கப்பல் எவ்வளவு தூரம் போச்சுன்னு பார்க்கத்தான் பொறந்திருக்கு. கேப்டன் எத்தனை மணிக்கு எழுந்தார்னு பார்க்க இல்லை. அப்படித்தானே சார்?"

சுருக்கென்றது. முந்தின நாள் ராத்திரி 9.40 வரை உட்கார்ந்து, மாதக் கணக்கை முடித்துக் கொடுத்தவன் அவன்தான். அதை எந்த நோட்டும் கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஃபாரத்தை வாங்கி, காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: 'நேற்றிரவு 9.40 வரை கப்பலை ஓட்டினார்.' கீழே கையெழுத்தும் போட்டேன்.

பத்தே நிமிஷத்தில் பர்சனல் டிபார்ட்மென்டிலிருந்து போன்.

"சார், நம்ம கம்பெனியில ஏது சார் கப்பல்?"