வெயில் படாத மூலையில் ஒரு பெரணித் தோட்டம்

பள்ளித் தோட்டம் என்று பேச்செடுத்தாலே கீரைப் பாத்தி, முருங்கை, கத்தரி, துளசி என்று பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறோம். இவை எல்லாவற்றுக்கும் வெயில் வேண்டும். ஆனால் நம்மில் பலருடைய பள்ளிகளில் மிச்சமிருப்பது வகுப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையிலுள்ள சந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழல், பெரிய வேம்பின் அடி ஆகியவைதான். அங்கே வெண்டை நட்டால் தண்டு வெளிறி, நெடுநெடுவென நீண்டு, காய்க்காமலே சாய்ந்துவிடும். கடைசியில் அது உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் இடமாகிவிடுகிறது.

சேர்வராயன் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் பள்ளியில், வடக்குப் பார்த்த அப்படியொரு சந்தில் சில ஆண்டுகளாக மாணவர்களோடு சேர்ந்து பெரணிகளை வளர்த்துவருகிறேன். அழகுக்காக மட்டுமல்ல. பூவும் விதையும் இல்லாமல் ஒரு தாவரம் எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்பதை நாம் பெரும்பாலும் படம் வரைந்தே முடித்துவிடுகிறோம். இதய வடிவில் முன்உடலத்தை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதிப்பெண்ணும் பெறும் மாணவர்களில் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? ஒரு செங்கல் துண்டும் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் இருந்தால் அதை வகுப்பறை ஜன்னலிலேயே காட்டிவிடலாம்.

முதலில் எந்தப் பெரணி என்று முடிவு செய்ய வேண்டும். நாற்றுப் பண்ணையில் பெரணி கேட்டால் பெரும்பாலும் பாஸ்டன் பெரணியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். மலைப் பகுதிப் பிள்ளைகள் கையில் வைத்து அழுத்தி வெள்ளை அச்சு பதித்து விளையாடும் வெள்ளிப் பெரணியைப் பலரும் நம் மலைக்கே உரியது என்று நினைக்கிறார்கள். அதுவும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவியதே. வளர்ப்பதில் தவறில்லை. ஆனால் நம் மண்ணுக்கு உரியவை இருக்கும்போது அவற்றிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

உரியவற்றைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. பழைய கிணற்றின் உட்சுவர், சுண்ணாம்புக் காரை பூசிய மதில், பாலத்தின் அடி, ஓடையின் கரை ஆகியவற்றைப் பார்த்தாலே போதும். நீளமான தண்டின் இருபுறமும் சீப்புப் பல் போல இலைக் கூறுகள் நிற்க, காரைச் சுவரில் தொங்குவது பெரும்பாலும் டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்பு அதற்குப் பிடிக்கும். மண்ணிலுள்ள ஆர்சனிக் நஞ்சை இந்தப் பெரணி உறிஞ்சித் தன் இலைகளில் பெருமளவு சேர்த்துவைக்கிறது என்று 2001ஆம் ஆண்டு நேச்சர் ஆய்விதழில் வெளியானது. நஞ்சேறிய நிலத்தைத் தாவரங்களைக் கொண்டு தூய்மைப்படுத்தலாம் என்ற ஆராய்ச்சியில் அன்றிலிருந்து இதற்குத் தனி இடம் உண்டு. ஓடைக்கரையில் மென்மயிர் படர்ந்த இலைகளோடு கொத்தாக நிற்பவை பெரும்பாலும் கிறிஸ்டெல்லா இனங்கள். கருகருவென்று கம்பி போன்ற காம்பில் விசிறி போன்ற சிற்றிலைகளைத் தாங்கி நிற்பது அடியாண்டம். அதன் ஒரு வகையான அடியாண்டம் காடேட்டம், இலை நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேர்விட்டுப் புதுச் செடியாகிவிடும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிப் பாருங்கள், "செடி நடக்குது சார்" என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயருக்கும் நடக்கும் பெரணி என்றுதான் பொருள்.

இன்னொன்று நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், பெரணி என்று மட்டும் தெரியாது. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் நான்கு இலையோடு நிற்கும் ஆரைக்கீரை, அதாவது மார்சீலியா, ஒரு நீர்ப்பெரணி. இரவில் அதன் நான்கு சிற்றிலைகளும் மடிந்து உறங்கும். அதற்கு நிழலைவிட வெளிச்சமான இடமே ஏற்றது. ஓர் அகன்ற தொட்டியில் வயல் சேற்றை இட்டு வளர்த்தால், வீட்டில் கீரையாகச் சமைத்துச் சாப்பிட்ட ஒன்றே பாடத்தில் வருகிறது என்ற வியப்பு பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

இனி இடமும் மண்ணும். நேர்வெயில் காலையில் ஒரு மணி நேரம் பட்டால் பரவாயில்லை, நண்பகல் வெயில் கூடவே கூடாது. மரநிழல் போதாத இடத்தில் பச்சை நிழல்வலை கட்டலாம். பெரணியின் வேர் ஆழம் போகாது. அரை அடி ஆழத்துக்கு நல்ல மண் இருந்தால் தாராளம். இரண்டு பங்கு மக்கிய இலை, ஒரு பங்கு அலசிய தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு செங்கல் உடைசல் என்பது நான் பயன்படுத்தும் கலவை. நார்க்கழிவில் உப்பு இருக்கும், அலசாமல் போடக் கூடாது. டெரிஸ் வைக்கும் இடத்தில் மட்டும் பழைய காரைத் துண்டுகளைக் கலந்துவிடுவேன். நடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: புது இலைகள் சுருண்டு கிளம்பும் நடுப்பகுதியை மண் மூடக் கூடாது. மூடினால் அழுகிவிடும்.

தண்ணீர் விஷயம் கொஞ்சம் சிக்கல். உப்புத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை விடாமல் ஊற்றினால் இலை விளிம்பு பழுப்பேறிக் காயும். கைகழுவும் குழாயின் கழிவுநீரில் சோப்பு கலந்திருப்பதால் அதுவும் ஆகாது. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் நீர் இன்னும் உப்பானது. மழைநீர்த் தொட்டி இருந்தால் பெரணிக்கு அதுவே சிறந்தது. ரசாயன உரம் வேண்டியதில்லை, ஆண்டுக்கு இருமுறை இலைமக்கு தூவினால் போதும்.

ஈரமும் நிழலும் என்றதும் பாம்பு வருமே, கொசு வருமே என்று தலைமையாசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. கற்களையும் செங்கற்களையும் குவித்துவைக்காமல், பாத்தியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி, நடுவே நடைபாதை விட்டு அமைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்போதும் பார்வைக்குத் தெரியும். தொட்டிகளுக்கு அடியில் தண்ணீர்த் தட்டு வைக்கக் கூடாது. எங்களுக்கு வந்த உண்மையான பகைவன் நத்தைதான். இளஞ்சுருள்களை ஒரே இரவில் தின்றுவிடும். மாலையில் ஈரச் சாக்கு விரித்துவைத்தால் காலையில் அதனடியில் கூடியிருக்கும், கையுறை அணிந்து பெரியவர்கள் பொறுக்கி அகற்றலாம்.

இப்போது ஸ்போர் விதைப்புக்கு வருவோம். இலையின் அடிப்புறத்தில் வரிசையாகத் தோன்றும் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்துப் பூச்சி முட்டை என்றோ நோய் என்றோ எண்ணி, மருந்தடிக்கவும் இலையைக் கிள்ளவும் செய்பவர்கள் உண்டு. அவைதாம் சோரஸ் எனப்படும் ஸ்போரகத் தொகுப்புகள். டெரிஸில் இவை விளிம்போரம் நீண்ட கோடாக இருக்கும். கிறிஸ்டெல்லாவில் சிறு பொட்டுகள். அடியாண்டத்தில் இலை விளிம்பு மடிந்து மூடிய மடல்களுக்குள் மறைந்திருக்கும். பச்சையாக இருந்தால் முற்றவில்லை, கந்தலாகப் பிய்ந்திருந்தால் கொட்டித் தீர்ந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே, நல்ல பழுப்பாக இருக்கும்போது ஓர் இலைத்துண்டை வெள்ளைத் தாளில் அடிப்புறம் கீழாக வைத்து, மேலே இன்னொரு தாள் மூடி, காற்றுப் படாத இடத்தில் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். திறந்தால் இலையின் வடிவிலேயே பழுப்புத் தூள் படிந்திருக்கும். தாளைச் சாய்த்து மெல்லத் தட்டினால் சருகு முதலில் சரியும், ஸ்போர் தாளை ஒட்டி நிற்கும்.

உயர்நிலை வகுப்புகளில் நுண்ணோக்கி இருந்தால் இந்தக் கட்டத்தைத் தவறவிட வேண்டாம். முற்றிய ஸ்போரகங்களை மூடுகண்ணாடி இல்லாமல் விளக்கொளியில் வைத்துப் பாருங்கள். ஸ்போரகத்தின் முதுகில் தடித்த செல்களாலான ஒரு வளையம் இருக்கிறது. நீர் வற்ற வற்ற அது பின்னோக்கி வளையும், ஓர் எல்லையில் சட்டென்று திரும்பி ஸ்போர்களை வீசியெறியும். கவண் வேலை செய்வதைப் போலவே இருக்கும். இயற்பியல் ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளலாம்.

விதைப்பதற்குக் கைப்பிடி அளவு செங்கல் துண்டைத் தண்ணீரில் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள். இதனால் பாசியும் பூஞ்சையும் ஒழியும். கொதித்து ஆறிய நீர் அரை அங்குலம் நிற்கும் தட்டில் துண்டை வைத்து, அதன்மேல் ஸ்போரைச் சிட்டிகையளவு தூவி, அகன்ற கண்ணாடிப் பாட்டிலால் கவிழ்த்து மூடிவிடுங்கள். வடக்குப் பக்க ஜன்னல் நல்லது. நேர்வெயில் பட்டால் உள்ளே வெந்துவிடும்.

இந்த மூடிய பாட்டிலுக்குச் சுவையான ஒரு வரலாறு உண்டு. லண்டனில் நத்தானியேல் வார்ட் என்ற மருத்துவர் 1829இல் ஒரு விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய புட்டியில் வைத்திருந்தார். அவர் தோட்டத்துப் பெரணிகள் நகரத்தின் கரிப்புகையில் பட்டுப்போய்க்கொண்டிருக்க, புட்டிக்குள் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்து நின்றன. மண்ணிலிருந்து ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. அதிலிருந்து பிறந்த வார்டியன் பெட்டிகளில்தான் பின்னாளில் சீனத்துத் தேயிலைச் செடிகள் கடல் கடந்து இமயமலைச் சரிவுகளுக்கு வந்தன. நீர்ச்சுழற்சி பாடத்துக்கும் இதே பாட்டில் உதவும்.

மூன்று நான்கு வாரத்தில் செங்கல் மேல் பச்சைப் படலம் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் அரை சென்டிமீட்டர் அளவில் இதய வடிவத் தகடுகள் வரும். அதுதான் முன்உடலம். இந்தக் கட்டத்தில் கொதித்து ஆறிய நீரைப் புகைபோலத் தெளிக்க வேண்டும், ஏனென்றால் ஆண் இனச்செல் நீரில் நீந்திப் போய்த்தான் முட்டையை அடைய முடியும். தெளித்த பாட்டில், தெளிக்காத பாட்டில் என இரண்டு வைத்து ஒப்பிடச் சொன்னால், பெரணிகள் ஏன் ஈரமான இடத்தை நாடுகின்றன என்பதை மாணவர்களே சொல்வார்கள். கருவுற்ற தகட்டின் அடியிலிருந்து முதல் குட்டி இலை எழும். ஓர் அங்குலம் வளர்ந்ததும் எடுத்துத் தொட்டியில் நடலாம். நான் ஆகஸ்டில் விதைக்கச் சொல்கிறேன். அரையாண்டுத் தேர்வு வாக்கில் முன்உடலம், ஆண்டுத் தேர்வுக்கு முன் குட்டிச் செடி என்று பள்ளி நாட்காட்டியோடு ஒத்துப்போகும்.

தொடக்க வகுப்புகளுக்கு இவ்வளவு வேண்டாம். நத்தை ஓடு போலச் சுருண்டு வரும் இளம் இலை ஒன்றுக்கு நூல் கட்டி அடையாளமிட்டு, தினமும் அது எவ்வளவு விரிந்தது என்று அளந்து எழுதச் சொன்னால் போதும். அளவீடும் வரைபடமும் அதிலேயே வந்துவிடும்.

கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் போனவர்கள் முடவாட்டுக்கால் கிழங்கைச் சாலையோரம் குவித்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள், சூப்பும் குடித்திருப்பீர்கள். அது கிழங்கு அல்ல. டிரைனேரியா என்ற பெரணியின் மட்டநிலத்தண்டு. பழுப்பு ரோமம் போர்த்தி ஆட்டுக்கால் போலிருப்பதால் அந்தப் பெயர். பாறையிலும் மரத்திலும் தொற்றி வாழும் இது, காய்ந்த சருகு போன்ற சிற்றிலைகளால் மேலிருந்து விழும் குப்பையைப் பிடித்துவைத்துத் தனக்குத் தானே மண் செய்துகொள்கிறது. நீண்ட பச்சை இலைகளில்தான் ஸ்போர் உண்டாகும். ஒரு குவியல் விற்கும்போது மலையில் ஒரு பாறை வெறுமையாகிறது என்பதைப் பிள்ளைகளோடு பேச வேண்டும். வாங்கும் பழக்கம் உள்ள வீட்டிலிருந்து நுனிமொட்டு உயிரோடிருக்கும் ஒரு துண்டு கிடைத்தால், அதைத் தென்னை மட்டையில் சணலால் கட்டி மரக்கிளையில் ஏற்றுங்கள். கிழங்கு என்று நம்பி மண்ணில் புதைத்தால் அழுகிப்போகும். சுற்றுலாவில் செடி பிடுங்கிவரும் ஆசையையும் இங்கேயே அடக்கிவிடலாம். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது சட்டப்படி குற்றம். ஒரே ஓர் இலைத்துண்டில் ஒரு பள்ளிக்கே போதுமான ஸ்போர் இருக்கிறது என்று கண்ட மாணவருக்குப் பிடுங்க வேண்டிய தேவையும் தோன்றாது.

மே மாதம்தான் சோதனை. விடுமுறையில் ஊற்ற ஆளில்லை. பாத்தியின் மேல் நான்கு விரல் கனத்துக்குச் சருகு பரப்பி, நடுவே அடியில் துளையிட்டுத் திரி செருகிய மண்பானையைப் புதைத்து, அருகில் வசிக்கும் மாணவர் ஒருவரை வாரம் இருமுறை நிரப்பச் சொன்னால் பெரும்பாலானவை தாங்கும். பாட்டில்களை மூடியபடியே கட்டடத்தின் குளிர்ந்த அறையில், வெளிச்சம் வரும் இடமாகப் பார்த்துத் தரையில் வையுங்கள். அடியாண்டத்தின் சில வகைகள் மேலே முழுவதும் காய்ந்து செத்ததுபோல் கிடக்கும். ஜூனில் பள்ளி திறந்து துப்புரவு செய்யும் நாளில் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிடாதபடி, செடிதோறும் ஒரு குச்சி நட்டுப் பெயர் எழுதிவையுங்கள். முதல் நல்ல மழைக்குப் பின் குச்சிக்கு அடியில் சுருள் கிளம்புகிறதா என்று பார்க்கும் பொறுப்பை ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வருபவர்களிடம் கொடுக்கலாம்.