ஒப்பந்தம் எண்ணிற்று; பல்கலைக்கழகம் கேட்டது

நாட்டுப் பாதுகாப்பு, அயல்நாட்டுக் கொள்கை ஆகியவை டில்லியில் அமைச்சர்களும் தூதுவர்களும் படைத்தலைவர்களும் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் என்றும், பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்திருக்கும் நமக்கு அவற்றால் ஆவது ஒன்றுமில்லை என்றும் நம்மிற் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பொருத்தமுடையதன்று. ஓர் எல்லையைக் கடந்து வாழும் குடும்பத்துக்கு அயல்நாட்டுக் கொள்கையே வீட்டு விவகாரம் ஆகும். ஒரு கையெழுத்தினால் குடியுரிமை வருவதும் போவதும், மகன் வேலை பார்க்கும் நாட்டிலிருந்து பத்திரமாகத் திரும்புவதும், மீன்பிடிக்கச் சென்றவர் சிறைப்படுவதும் எல்லாம் அதனுள் அடங்கும்.

எல்லை என்பது எத்தகையது என்பதைத் தம்பானூரில் வாழும் நம்மவர் நன்கு அறிவர். எதிரெதிரே நிற்கும் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் நாள்தோறும் நாகர்கோவிலுக்கும் அப்பாலும் மக்களைக் கொண்டு செல்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை ஒரே ஆட்சியின்கீழ் இருந்த ஊர்கள் அன்று இரு மாநிலங்களுக்கு உரியவையாயின. ஆயினும் அது உள்நாட்டு எல்லை. பயணச்சீட்டு ஒன்றே அதைக் கடக்கப் போதும். கடலின் நடுவே இரு நாடுகளுக்கிடையில் வரையப்படும் கோடு அவ்வளவு இரக்கமுடையதன்று. அக்கோட்டால் நேர்ந்தவற்றை ஆராய்வதையே தன் பணிகளுள் முதன்மையாகக் கொண்ட ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையத்தைப் பற்றி நம் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம்.

சுதந்திர இந்தியாவில் வெளியுறவைத் தனிக் கல்வியாகப் பயிலும் முயற்சி 1955-இல் டில்லியில் தோன்றிய சர்வதேசக் கல்விப் பள்ளியால் வலுப்பெற்றது. அப்பள்ளி 1970-இல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. 1962-ஆம் ஆண்டின் சீனப் போர், அண்டை நாடுகளைப் பற்றி நாம் அறிந்திருந்தது எத்துணைக் குறைவு என்பதை உணர்த்திற்று. பின்னர்ப் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவால் நாட்டின் பல பகுதிகளில் அண்டை நாட்டு ஆய்வுகள் தொடங்கப்பெற்றன. இவ்வரிசையில் வந்ததே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையம். அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் பேராசிரியர் வி. சூரியநாராயண். மத்திய அரசின் தேசியப் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தவர்.

இத்தகைய மையம் செய்யும் வேலை யாது? படைகளை நடத்துவதும் ஒப்பந்தங்களில் கையொப்பமிடுவதும் அதன் வேலையல்ல. அண்டை நாட்டுச் சட்டங்களையும் சட்டமன்ற விவாதங்களையும் பத்திரிகைகளையும் இடைவிடாது படித்தல். பழைய உடன்படிக்கைகளின் வாசகங்களைச் சொல் சொல்லாக ஆராய்தல். அவற்றால் பாதிக்கப்பட்ட மக்களைச் சந்தித்து அவர்கள் வாய்மொழியைக் கேட்டல். கண்டவற்றை எழுதி அரசுக்கும் பொதுமக்களுக்கும் முன்வைத்தல் ஆகியவையே அதன் வேலை. டில்லியிலிருந்து நோக்குங்கால் கொழும்பு நெடுந்தொலைவு. சென்னையிலிருந்து நோக்குவோர்க்கு அது பக்கத்து வீடு. ஆகவேதான் இலங்கைப் பிரச்சினைகள் அம்மையத்தில் சிறப்பிடம் பெற்றன.

முதலில், நாடற்றவர் வரலாற்றைக் காண்போம். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவந்த தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபர் 30-ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். நாடற்றவர் தொகை 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. கணக்கு மிச்சமின்றித் தீர்ந்தது. ஆனால் கணக்கில் எண்ணாக நின்றவர்களை, நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று முன்கூட்டி எவரும் கேட்கவில்லை. விண்ணப்பங்கள் வாங்கப்பட்டபோது, இலங்கைக் குடியுரிமையை வேண்டினோர் தொகை ஒதுக்கப்பட்டதைவிட மிகுதியாயிருந்தது. கேட்டிருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்பதே இதன் பாடம்.

இவ்வொப்பந்தத்தின் சுவடு நம் தம்பானூரிலிருந்து பேருந்தேறிச் சில மணி நேரத்திற் சென்றடையக்கூடிய புனலூரில் இன்றும் உள்ளது. தாயகம் திரும்பியோருக்கு வாழ்வளிக்க மத்திய அரசும் கேரள அரசும் கூட்டாக 1976-இல் அங்கு ரிஹாபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ் என்னும் ரப்பர்த் தோட்ட நிறுவனத்தை ஏற்படுத்தின. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து கொய்த கைகள் அங்கே ரப்பர்ப் பால் வெட்டக் கற்றன. நீலகிரியிலும் இவ்வாறே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. தாயகம் என்று பெயர் சொல்லி அனுப்பப்பட்ட நாட்டை அவர்களிற் பெரும்பாலோர் அதற்குமுன் கண்டதில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து, அகதிகள் விஷயம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர் தொகை காலப்போக்கில் மூன்று லட்சத்தைத் தாண்டிற்று. இவர்களைப் பற்றிச் சூரியநாராயணும் வி. சுதர்சனும் இணைந்து எழுதிய நூல் 2000-இல் வெளிவந்தது. முகாம்களில் இருப்போரை எல்லாம் ஒரே வகையினராகக் கருதுவது தவறு என்பது பேராசிரியர் சூரியநாராயண் வற்புறுத்திவந்த கருத்து. அவர்களுள் யாழ்ப்பாணத்தாரும் உளர். இந்திய வம்சாவளி மலையகத்தாரும் உளர். முன்னவருட் பலர் அமைதி திரும்பினால் ஊர் செல்ல விரும்பலாம். பின்னவருக்கோ முன்னைய ஒப்பந்தங்களின் வழியே இந்தியக் குடியுரிமை கோர நியாயம் உண்டு. இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்கவில்லை. 2019 ஜூனில், மலையக வம்சாவளியினர் சிலர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமை கோரி விண்ணப்பிக்கலாம் என்றும், அவ்விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறிற்று. இலங்கையும் தன் நாட்டில் எஞ்சியிருந்த நாடற்றவர்க்கு 2003-இல் சட்டமியற்றிக் குடியுரிமை வழங்கியது.

மூன்றாவது, கடற்பிரச்சினை. 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்தால் இலங்கையின் பக்கம் சேர்ந்தது. ஒரு நாட்டு மீன்பிடி படகுகள் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கலாகாது என்பது 1976-இல் உறுதி செய்யப்பட்டது. இதைப் பற்றிச் சூரியநாராயண் 1994-இல் தனி நூல் எழுதினார். இந்தியா தீன் பிகா நிலத்தை வங்காளதேசத்துக்குக் குத்தகையாக விட்டதை முன்னுதாரணமாகக் காட்டி, கச்சத்தீவை நிரந்தரக் குத்தகையாகப் பெறலாம் என்றும், உரிமச் சீட்டுடன் மீன்பிடிக்க ஏற்பாடு செய்யலாம் என்றும் அவர் யோசனை கூறினார். அதே வேளையில், நம் விசைப்படகுகளின் இழுவை மடி கடலடியைச் சுரண்டுவதால் அக்கரைத் தமிழ் மீனவர் படும் இழப்பையும் அவர் மறைக்கவில்லை. இரு கரையிலும் பசிப்பது தமிழ் வயிறுதானே! பாக் நீரிணைக்கு இரு நாடுகளும் சேர்ந்த ஓர் ஆணையம் வேண்டும் என்பது அவர் பிற்காலத்தில் வலியுறுத்திய யோசனை.

மீனவரையே மீனவருடன் பேசவைக்க வேண்டும் என்னும் கருத்தும் இவ்வாறு வலுப்பெற்றது. 2004-இல் இந்திய மீனவர் குழு ஒன்று இலங்கை சென்றது. 2010-இல் இலங்கை மீனவர் தமிழ்நாடு வந்தனர். முற்சொன்ன பயணத்தின் ஏற்பாட்டில் பங்குகொண்டோர் பணியாற்றிய தென்னிந்திய மீனவர் சங்கக் கூட்டமைப்பின் தலைமையகம் தம்பானூருக்கு அணித்தேயுள்ள கரமனையில்தான் இருக்கின்றது.

அறிஞர் கூறியனவெல்லாம் அரசால் ஏற்கப்பட்டன என்று எவரும் கருத வேண்டா. கச்சத்தீவுக் குத்தகை நிறைவேறவில்லை. பாக் நீரிணை ஆணையம் அமையவில்லை. படகுகள் பிடிபடுவதும் நிற்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. எனினும், உண்மையைத் தொகுத்து வைத்தால், வழக்காடுவோர்க்கும் பேச்சு நடத்துவோர்க்கும் என்றேனும் அது கைகொடுக்கும். எண்ணி முடித்துவிட்டுப் பின்னர் மனிதரைத் தேடுவதினும், மனிதரைக் கேட்டு அறிந்த பின் எண்ணுவதே நாட்டுக்குப் பாதுகாப்பு. அநீதி இழைக்கப்பட்ட மக்கள் எல்லைப்புறத்தில் இருப்பின் எந்த அரணும் உறுதியாகாது.

நம் நகரிலேயே இதற்கு அணுக்கமான பணி நடைபெறுகின்றது. உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தார் 1998 முதல் வீடு வீடாகச் சென்று, கேரளத்திலிருந்து அயல்நாடு சென்றோர் விவரத்தைத் திரட்டி வந்தனர். 2015-இல் அம்மையத்தின் பங்குடன் தமிழ்நாட்டிலும் இத்தகைய கணக்கெடுப்பு நிகழ்ந்தது. தமிழகத்திலிருந்து ஏறத்தாழ 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதும், சிங்கப்பூர் அவற்றுள் முன்னிற்பதும் அதனால் தெரியவந்தன.

ஆதலின் நம் குடும்பங்களுக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றோம். பாட்டனார் காலத்துக் கடவுச்சீட்டு, தோட்டத்துப் பற்றுச்சீட்டு, பிறப்புப் பதிவு, ரேஷன் அட்டை முதலியவற்றைப் பழங்காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். ஒரு பெயரன் தன் குடியுரிமையை நிலைநாட்ட அவை வேண்டியிருக்கலாம். ஆய்வாளர் வாயிலில் வந்து நின்றால், அவர் நம்பத்தக்கவரா என்று விசாரித்தறிந்து, பின் அஞ்சாமல் விடை கூறுங்கள். மருத்துவமும் பொறியியலுமே படிப்பு என்று இராமல், சர்வதேச உறவுகளில் நாட்டமுள்ள பிள்ளைகளை அத்துறைக்கு அனுப்புங்கள். தமிழும் சிங்களமும் மலையாளமும் அறிந்த ஓர் இளைஞர் பேச்சு மேசையருகே அமர்ந்திருப்பாராயின், அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது எண்ணுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கப்படும்.