சீட்டில் எந்தப் பாதை எழுதியிருக்கிறது?

உடுமலையிலிருந்து கேரளத்தின் மறையூருக்குப் போகிற பஸ் ஒன்பதாறு செக்போஸ்டைத் தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. சின்னாறு பாலத்தில் மாநிலம் மாறுகிறது, காடு மாறுவதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது 1984-இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்கு சரணாலயம். பஸ்ஸில் இருக்கிற யாரும் அதற்குள் போக அனுமதி கேட்டு விண்ணப்பித்ததில்லை. விண்ணப்பிக்க வேண்டியதும் இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆம் பிரிவு, பொது நெடுஞ்சாலை வழியே சரணாலயத்தைக் கடந்து போகிறவருக்கு விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கு தார் முடிகிற இடத்தில் முடிகிறது. பைக்கை ஓரங்கட்டிவிட்டு, பாம்பாறு சத்தம் கேட்கிறதே என்று நூறடி இறங்கிவிட்டால், சட்டத்தின் கணக்கில் அது அத்துமீறல்.

இதே சட்டத்தின் 51-ஆம் பிரிவு, இத்தகைய மீறலுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 2022-இல் திருத்துவதற்கு முன் அபராதத்தின் உச்சம் 25,000 ரூபாயாக இருந்தது. விலங்கைச் சீண்டுவதும் குப்பை போடுவதும்கூட 27-ஆம் பிரிவிலேயே தடை செய்யப்பட்டவை. தீ மூட்டுவதற்குத் தனியாக 30-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனைமுடியை உள்ளடக்கிய இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கும் இந்தப் பிரிவுகள் பொருந்தும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். காட்டுக்குள் நடப்பது ரேஞ்சர் மனமிரங்கித் தருகிற சலுகை இல்லை. ஆராய்ச்சி, புகைப்படம் போன்றவற்றோடு சுற்றுலாவையும் அனுமதி தருவதற்கான காரணமாக 28-ஆம் பிரிவு எழுதியே வைத்திருக்கிறது. முறைப்படி கேட்டு, கட்டணம் கட்டி, சீட்டு வாங்கி நடக்கலாம். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

படிக்காததன் விலை தெரிய வேண்டுமானால், மறையூர் இருக்கிற இடுக்கி மாவட்டத்தின் இன்னொரு எல்லைக்குப் போக வேண்டும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து ஒரு குழு. தேனி மாவட்டம் கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது காய்ந்த புல்வெளியில் பரவிய தீ அவர்களைச் சூழ்ந்தது. புகையில் திசை தெரியாமல் சிதறி ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. ஒன்பது பேர் மலையிலேயே இறந்தார்கள். மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்தால் 23 பேர். பெரும்பாலோர் இளைஞர்கள், பாதிக்கு மேல் பெண்கள்.

அவர்கள் சீட்டே வாங்காமல் போனவர்கள் என்று பலர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகிற பாதைக்குத்தான் அனுமதி தரப்பட்டது, நடந்தது கொழுக்குமலைப் பாதையில் என்பது அப்போது வனத்துறை சொன்ன விளக்கம். அனுமதி ஒரு பாதைக்கு, கால் நடந்தது வேறு பாதையில். பணம் கட்டி வந்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கும்? ஏற்பாடு செய்கிறவர் பார்த்துக்கொள்வார் என்றுதானே எல்லோரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறோம்.

டாப் ஸ்டேஷன் பாதைக்கு ஒரு பழைய கதையும் உண்டு. மூணாறுப் பக்கத்துத் தேயிலை 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கயிற்றுப்பாதையில் கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோய்விட்டது. எல்லை கடக்கிற இந்த மலைவழிகளில் பல, இப்படிச் சரக்குக்காகவோ உறவுக்காகவோ உண்டானவை. ஒரு வழி பழையது என்பதாலேயே அது வெளியூர்க்காரருக்குத் திறந்திருப்பதாகிவிடாது.

மறையூரில் அடிக்கடி காதில் விழுகிற வாதமும் இதைச் சார்ந்ததுதான். “உள்ளூர்க்காரங்க டெய்லி நடக்கிற வழிதான் சார், பயப்படாதீங்க.” நடக்கிறார்கள்தான். முதுவர்களும் மலைப்புலையர்களும் தங்கள் குடிகளுக்குப் போய்வரவும் தேனும் கிழங்கும் எடுக்கவும் அந்த வழிகளில் நடக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டின்மீது அவர்களுக்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்த உரிமை அவர்களோடு நடந்து வருகிற விருந்தாளிக்குத் தொற்றிக்கொள்வதில்லை. குடி என்பது ஆட்கள் வாழ்கிற ஊர். வாசலில் நின்று கேட்காமல் கேமராவைத் தூக்குவதை நம் தெருவில் யாராவது செய்தால் நாம் என்ன செய்வோமோ, அதைச் செய்ய அவர்களுக்கும் உரிமை இருக்கிறது.

சின்னாறில் முறையான நடைக்கு வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். கூட வருகிறவர் பெரும்பாலும் பக்கத்துக் குடிக்காரர். நீங்கள் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கு கூலியாக அவரைச் சேர்கிறது. தூவானம் அருவிப் பாதையில் முன்னால் போகிற அந்த மனிதர் திடீரென்று நின்று கையைப் பின்னால் காட்டுவார். நமக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவருக்கு எங்கோ ஒரு கிளை முறிந்த சத்தம் கேட்டிருக்கும், அல்லது சாணத்தின் ஈரம் பார்த்து ஆனை போய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கணக்குப் போட்டிருப்பார். நிற்கச் சொன்னால் நிற்க வேண்டும், திரும்பச் சொன்னால் திரும்ப வேண்டும். ‘காசு கட்டியிருக்கிறோம், அருவியைப் பார்க்காமல் எப்படி?’ என்று அவரோடு வாதாடுகிறவர்கள் தங்கள் உயிரோடு அவர் உயிரையும் பணயம் வைக்கிறார்கள்.

மழை மறைவுப் பிரதேசம் என்பதால் இங்கே ஆபத்தின் முகமும் வேறு. மூணாறில் அட்டையும் வழுக்கலும் என்றால், சின்னாறின் முள்காட்டில் வெயிலும் தண்ணீரின்மையும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை தீ. மறையூர்ச் சரிவுகளில் வளர்கிற தைலப்புல் காய்ந்தால் எண்ணெய் ஊற்றியதுபோல் எரியும். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். அதனால் தீயைப் பார்த்ததும் சரிவில் மேலே ஏறக் கூடாது. பக்கவாட்டில் விலகி, பாறைப் பரப்புக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்கோ போக வேண்டும். விளையாட்டு உடை என்று விற்கிற செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அப்படி ஒட்டாது. தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை மூடினால் அது உங்கள் விடுமுறையைக் கெடுக்க அல்ல. பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் மூடப்படுவது வரையாடு குட்டி போடுகிற காலம் என்பதற்காக.

மறையூர் சந்தனக்காட்டு ஊர் என்பதால் ஒரு சின்ன எச்சரிக்கை. கீழே கிடக்கிறதே, வாசனைக்காக என்று ஒரு சிராயைப் பையில் போட்டுக்கொண்டால்கூட வழக்குதான். செக்போஸ்டில் பையைத் திறக்கச் சொல்கிறவர்களுக்கு அது நினைவுப் பொருள் என்று புரிய வைப்பது கஷ்டம்.

மாட்டிக்கொண்டால் காப்பாற்ற வருவார்கள். பிறகு வழக்கும் வரலாம். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மாவட்டம் மலம்புழா அருகே சேராடு மலையின் செங்குத்துப் பாறைப் பிளவில் சிக்கிய இளைஞரை, 40 மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகு ராணுவம் மீட்டது. நாடே கைதட்டியது. சில நாட்களில் அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைந்ததாக அவர்மீதே வனத்துறை வழக்குப் பதிந்தது. வழக்குக்குப் பயந்து உதவி கேட்காமல் இருந்துவிடாதீர்கள். 112-ஐ அழையுங்கள். எல்லைக் காட்டில் கைபேசி பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்திருக்கலாம், ஆகவே எந்த மாநிலம், எந்த செக்போஸ்ட், எந்தப் பாதை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மறையூரிலிருந்து மூணாறோ உடுமலையோ, எந்தப் பக்கம் போனாலும் 40 கிலோமீட்டர் அளவுக்கு மலைப்பாதை. அதனால் பாம்பு கடித்தால் கீறுவதிலும் கட்டுவதிலும் நேரத்தை வீணாக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தவறு உங்களுடையதாக இல்லாமல், கூட்டிக்கொண்டு போனவருடையதாக இருந்தால்? இங்கேதான் நம் ஆட்கள் ‘விதி’ என்று விட்டுவிடுகிறார்கள். அனுமதியில்லாத பாதையை அனுமதி உள்ளதாகச் சொல்லி விற்பதும், வழிகாட்டி இல்லாமல் அனுப்புவதும் சேவைக் குறைபாடு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி மறையூரில் நடந்ததற்கு நீங்கள் இடுக்கிக்கு அலைய வேண்டாம். திருப்பூரில் குடியிருந்தால் திருப்பூர் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். மனுவுக்கு முன் 1915 என்ற எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம்.

‘எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். மலை ஏறுவதில் ஆபத்து உண்டு என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. ஏற்பாட்டாளரின் அலட்சியத்துக்கு அது மன்னிப்புச் சீட்டாகிவிடாது. உயிர் போயிருந்தால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ‘இது கேரளாவில் நடந்தது, அங்கே போய்க் கொடு’ என்று உடுமலைக் காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. எல்லை பாராமல் புகாரைப் பதிவு செய்யும் ஜீரோ எஃப்ஐஆர் முறைக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இடம் தருகிறது.

இவை எல்லாவற்றுக்கும் காகிதம் வேண்டும். ஆகவே பணம் அனுப்புவதற்கு முன், பேக்கேஜ் விற்கிறவரிடம் வனத்துறைச் சீட்டின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். சீட்டில் பாதையின் பெயர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை இருக்கும். அவர் சொன்ன பாதையும் அதில் உள்ள பாதையும் ஒன்றா என்று பாருங்கள். ‘எங்க எஸ்டேட் வழியா போறோம், சீட்டே வேண்டாம்’ என்றால், அந்த எஸ்டேட் எங்கே முடிந்து காடு எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். கேரளத்தில் சாகசச் சுற்றுலா நடத்துகிறவர்களைப் பதிவு செய்யக் கேரள சாகசச் சுற்றுலா மேம்பாட்டுச் சங்கம் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. அந்தப் பதிவு உண்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மீசப்புலிமலை என்றால் அதைக் கேரள வன மேம்பாட்டுக் கழகமே நடத்துகிறது, இடையில் ஆள் எதற்கு? குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு 2018-இலேயே மலையேற்றத்துக்கென்று விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து நடக்கத் திறந்தது. அதில் இல்லாத பாதையைத் தமிழ்நாட்டுப் பக்கம் யாராவது விற்றால் அங்கேயே சந்தேகப்படலாம்.

சம்பவம் நடந்த பிறகு அந்தப் பாதைக்கு அனுமதி இருந்ததா என்று யாரும் வாய் திறக்காவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு சம்பந்தப்பட்ட வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஏற்பாட்டாளரோடு நடந்த வாட்ஸப் பேச்சையும் பணம் அனுப்பிய ரசீதையும் அழிக்காமல் வையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. பணம் கட்டி ஏமாந்த வெளியூர்க்காரருக்கு மட்டுமல்ல, கூலி பாக்கியோடு காலையும் ஒடித்துக்கொண்ட வழிகாட்டிக்கும் அதே எண்தான்.