கந்தகம் நீங்கிய பாதை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் ஜன்னலோரமாக அமர்ந்து பிரயாணம் செய்து பழகியவர்களுக்கு, முன்னே செல்லும் பார லாரி கக்கிய கரும்புகை உள்ளே புகுந்து, பெண்கள் சேலைத் தலைப்பையும் ஆண்கள் தோள் துண்டையும் மூக்கில் பொத்திக்கொண்ட காலம் மறந்திராது. இன்றைய புதிய பஸ்ஸின் பின்னால் நின்றால் கண் எரிவதில்லை. இம்மாறுதலை இயந்திரத்தின் சாமர்த்தியம் என்றே பலரும் கருதுகிறார்கள். எண்ணெய் சுத்தமான பிறகே இயந்திரம் சுத்தமாக முடிந்தது என்பதே உண்மை.

பெட்ரோல் இயந்திரம் தட்டலின்றி ஓடுவதற்காக அதில் ஈயச் சேர்மம் கலக்கும் வழக்கம் 1920களில் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியது. ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் விஷம். கார்பன் மோனாக்ஸைடு முதலிய வாயுக்களைத் தீங்கற்றவையாக மாற்ற வல்ல, பிளாட்டினம் போன்ற உலோகங்கள் பூசிய தேன்கூடு ஒத்த 'கேட்டலிடிக் கன்வெர்ட்டர்' என்னும் சாதனமும் ஈயம் படிந்தால் செயலற்றுப் போகும். ஆகையால், 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அச்சாதனம் கட்டாயமானபோது, ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வர வேண்டியதாயிற்று. நாடு முழுவதற்கும் அந்தப் பெட்ரோல் வந்து சேர்ந்தது 2000 பிப்ரவரியில்தான்.

பஸ்ஸும் லாரியும் நம்பியிருக்கும் டீசலின் கதையில் ஈயத்தின் இடத்தில் இருப்பது கந்தகம். 2010இல், வாகனப் புகைக்கு வரம்பு கட்டும் பாரத் ஸ்டேஜ் விதிகளில் நான்காவது சென்னையில் அமலானபோது அங்கே விற்ற டீசலில் பத்து லட்சம் பங்குக்குக் கந்தகம் 50 பங்குக்கு மேல் கூடாது. திண்டிவனம் போன்ற ஊர்களிலோ 350 பங்கு வரை இருக்கலாம். ஒரே நெடுஞ்சாலையில் எதிரெதிரே ஓடிய லாரிகளுக்கு இரண்டு நியாயம்! வெளியூர் ஜனங்களின் நுரையீரல் இரண்டாந்தரமானதா என்ற கேள்வி இன்றும் என்னை வருத்துகிறது. நாடு முழுவதற்கும் அவ்விதி 2017 ஏப்ரலில் வந்தது. அப்பொழுதும், பழைய ஸ்டேஜ் மூன்று வண்டிகளை அம்மாதம் முதல் விற்கக்கூடாதென்று மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது.

ஆகவேதான் 2020 ஏப்ரல் முதல் தேதியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஐந்தாம் படியை விட்டுத் தாண்டி, ஸ்டேஜ் ஆறு விதி மாநகரம், சிற்றூர் என்ற பேதமின்றி ஒரே நாளில் வந்தது. கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. அக்குறைவினால் கரித்துகளைப் பிடித்துவைத்து எரிக்கும் வடிகட்டியும், டிரைவர்கள் 'யூரியா' என்றே சொல்லும் திரவத்தின் உபயோகமும் பரவலாயின. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த அந்நீர், சூடான புகையில் தெளிக்கப்பட்டு அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்ஸைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. திரவம் தீர்ந்தாலோ இயந்திரம் தானே வலுக் குறைந்து எச்சரிக்கிறது.

இவையெல்லாம் இல்லாத பழைய வண்டிகளும் அதே சாலையில்தான் ஓடுகின்றன. அவற்றுக்குக் காவல் புகைச் சான்றிதழ் ஒன்றே. டீசல் வண்டியின் புகைபோக்கியில் குழாயை நுழைத்து அச்சோதனையில் அளப்பதும் புகையின் கருமையை மட்டுமே. கண்ணுக்குப் புலப்படாத நைட்ரஜன் ஆக்ஸைடு அந்த அளவையில் அகப்படுவதில்லை.