தண்ணீரில் தொலைந்த தாலியும் அதைத் தேடும் கருவியின் பிடியும்

கோடை தொடங்கினால் கனடாவில் எங்கள் சனம் ஏரிக்கரைகளை நோக்கிப் புறப்பட்டுவிடும். ஒன்ராரியோவின் வசாகா கடற்கரைக்கோ சிம்கோ ஏரிக்கோ ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், இறைச்சி வாட்டும் புகைக்கு நடுவில் ஊர்த் தமிழ் காதில் விழும். அந்த மாதங்களில் எனக்கு அடிக்கடி ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்பு வரும்: "அண்ணை, மனுசியின்ர தாலிக்கொடி தண்ணிக்குள்ள விழுந்திட்டுது. உங்களிட்ட அந்த மெசின் இருக்குதாமே?"

குளிர்ந்த நீரில் விரல்கள் சுருங்கி மோதிரம் தானாகக் கழன்றுவிடும். பிள்ளையைத் தூக்கும்போது சங்கிலி அறுந்துபோகும். 22 கரட் தங்கம் அதே அளவு தண்ணீரைவிட 17, 18 மடங்கு பாரமானது. மணற்பருக்கையோ 2.65 மடங்குதான். அலை மணலைக் கிளறக் கிளறத் தங்கம் கீழே இறங்கிக்கொண்டே போகும். பிறகு கையால் துழாவி எடுக்க முடியாது. இடப்பெயர்வில் வீடு, காணி, படங்கள், பத்திரங்கள் என்று எல்லாவற்றையும் விட்டு வந்த ஒரு குடும்பத்துக்கு, ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒரே பொருள் அந்தத் தாலியாக இருக்கலாம். பவுண் விலையை வைத்து அந்த இழப்பைக் கணக்கிட முடியாது.

தேடுவதற்கு இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று, தண்ணீருக்குள் வேலை செய்யும் உலோகம் காட்டும் கருவி. மற்றது ஸ்கூப். துளைகள் போட்ட உருக்குக் கூடையும் அதற்கு ஒரு நீண்ட பிடியும் சேர்ந்ததே ஸ்கூப். கருவி சத்தமிட்ட இடத்தில் கூடையின் வாயை வைத்து, பின்பக்கத் தட்டைக் காலால் மிதித்து, பிடியைப் பின்னால் சாய்த்து, மணலோடு அள்ள வேண்டும். தண்ணீருக்குள் வைத்தே ஆட்டினால் மணல் வடிந்துவிடும். கல், சிப்பி, நாணயம், மோதிரம் மிஞ்சும். துளை ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் இருந்தால் மணல் விரைவாக வடியும். மெல்லிய சங்கிலி தேடுவதென்றால் அதைவிடச் சிறிய துளை வேண்டும்.

கடையில் நல்ல ஸ்கூப்பின் விலை அதிகம். அதனால் பலர் கூடையை மட்டும் வாங்கி, பிடியைத் தாங்களே போடுகிறார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு இது பெரிய வேலையல்ல. ஆனால் கையில் அகப்பட்ட தடியைச் செருகிக்கொண்டு போனவர்கள் பாதி நாளில் வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். கூடை முறிவது அரிது. பிடிதான் முறிகிறது.

பிடி படும் பாடு

ஒரு கூடை ஈர மணல் 6, 7 கிலோ இருக்கும். அடியில் இறுகிய மணல் அதை லேசில் விடாது. பிடியைப் பின்னால் சாய்க்கும்போது அது அலவாங்கு போல ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. நீங்கள் மேல் நுனியில் கொடுக்கும் விசை முழுவதும் பிடி கூடையோடு சேரும் இடத்திலேயே குவியும். அதனால் முறிவும் வளைவும் எப்போதும் அந்த ஒரு சாண் தூரத்துக்குள்தான் வரும்.

பொருளைத் தெரிவதற்கு முன் இரண்டு அளவுகளைத் தீர்மானியுங்கள். முதலாவது நீளம். ஸ்கூப்பை நிலத்தில் நிமிர்த்தி வைத்தால் பிடியின் நுனி உங்கள் நெஞ்சுக்கும் தோளுக்கும் இடையில் நிற்க வேண்டும். பெரும்பாலானோருக்கு 1.2 முதல் 1.4 மீற்றர் வரை சரிவரும். இடுப்பளவு நீரில் குனியாமல் வேலை செய்ய அந்த நீளம் தேவை.

இரண்டாவது தடிப்பு. குழாயின் சுவர்த் தடிப்பை மாற்றாமல் விட்டத்தை 25 மில்லிமீற்றரிலிருந்து 38 மில்லிமீற்றராகக் கூட்டினால் பாரம் ஒன்றரை மடங்குதான் கூடும். வளைவைத் தாங்கும் பலமோ இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். மெல்லிய கம்பி போன்ற கனமான குழாயைவிட, கைக்கு அடங்கும் அளவில் பருத்த குழாயே நல்லது.

மரம்

மண்வெட்டிப் பிடிக்கு விண்ணாங்கும் பூவரசும் தேடிய எங்களுக்கு மரம்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே ஆஷ், ஹிக்கரி மரங்களில் செய்த மண்வெட்டிப் பிடிகள் எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும். 38 மில்லிமீற்றர் தடிப்பில் 1.3 மீற்றர் நீளமான ஆஷ் பிடி ஏறக்குறைய 1 கிலோதான். அது அதிர்வை உறிஞ்சும். குளிர்காலத் தொடக்கத்திலும் கையைச் சுடாது. முறிவதற்கு முன் நெரிந்து சத்தம் கொடுத்து எச்சரிக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மரம் மிதக்கும். கூடை அடியில் கிடக்க, பிடி தண்ணீருக்குள் நிமிர்ந்து நிற்கும். இரு கையாலும் கருவியைப் பிடித்துத் தேடிவிட்டுத் திரும்பும்போது ஸ்கூப் எங்கே என்று தேடத் தேவையில்லை.

மரத்தின் குறை அதன் அடிப்பகுதியில் இருக்கிறது. நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். இப்படிப் பலமுறை நடந்தால் உலோகக் குழிக்குள் பிடி ஆடத் தொடங்கும். அந்த இடைவெளியில் ஈரம் தங்கி வெளியே தெரியாமல் உக்கும். மரப்பிடி போடுகிறவர்கள், நார் நுனியிலிருந்து நுனிவரை நேராக ஓடும் தடியாகப் பார்த்து வாங்குங்கள். குறுக்கே சரிந்து வெளியேறும் நார் உள்ள தடி அந்த இடத்திலேயே பிளக்கும். அடி வெட்டுமுகம் உட்பட எல்லாப் பக்கமும் ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டுக் காயவைத்த பிறகு பொருத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

அலுமினியம்

நான் பாவிப்பது அலுமினியம். 38 மில்லிமீற்றர் விட்டமும் 3 மில்லிமீற்றர் சுவரும் உள்ள 1.3 மீற்றர் குழாய் ஏறக்குறைய 1.2 கிலோ. இரு நுனிகளையும் இறப்பர் அடைப்பானும் சிலிக்கனும் வைத்து நீர் புகாமல் அடைத்தால் இந்தக் குழாயும் மரம் போல நிமிர்ந்து நிற்கும். அடைக்காமல் விட்டால் உள்ளே ஏறக்குறைய 1 லீற்றர் தண்ணீர் ஏறும். ஒவ்வொரு தடவையும் அந்த 1 கிலோவையும் சேர்த்துத் தூக்க வேண்டும். மாலைக்குள் தோள்மூட்டு அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும்.

அலுமினியத்தின் எதிரி உப்புநீர். உருக்கும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் ஒரு சிறிய மின்கலம் போல வேலை செய்யும். அரிபட்டுப்போவது அலுமினியம். மூட்டில் வெள்ளை மாப்போல் படிவதைக் கண்டால் அதுதான் நடக்கிறது. ஒன்ராரியோ ஏரிகள் நன்னீர் என்பதால் இங்கே இது மெதுவாகவே நடக்கும். பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ கடலில் தேடுகிறவர்கள் இரண்டு உலோகங்களுக்கும் இடையில் பிளாஸ்ரிக் உறையும் நைலோன் வளையமும் போட வேண்டும். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

துருப்பிடிக்காத உருக்கு

கூடையும் பிடியும் ஒரே உலோகமாக இருந்தால் மேற்சொன்ன அரிப்புப் பிரச்சினை இல்லை. இரண்டையும் வெல்டிங் செய்து ஒரே துண்டாக்கலாம். பலத்துக்கு இதற்கு நிகர் இல்லை. பாரம்தான் தடை. 38 மில்லிமீற்றர் குழாயில் 2 மில்லிமீற்றர் சுவர் இருந்தால் பிடி மட்டும் 2.3 கிலோ வரும். சுவரை 1.2 மில்லிமீற்றராகக் குறைத்தால் 1.4 கிலோ ஆகும். ஆனால் அவ்வளவு மெல்லிய சுவரை வெல்டிங் செய்யத் தேர்ந்த கை வேண்டும்.

'துருப்பிடிக்காத' என்ற பெயரை முழுக்க நம்பிவிடாதீர்கள். சமையலறைச் சில்வர் பாத்திரங்களில் பரவலாகக் காணும் 304 இரகம் கடலில் மண்ணிறக் கறள் புள்ளிகளைக் காட்டும். 316 இரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது உப்பை நன்றாகத் தாங்கும். ஏரிக்கு 304 போதும். கடலுக்கு 316.

கண்ணாடி நார், காபன், பிவிசி

பைபர் படகில் தொழில் செய்தவர்களுக்குக் கண்ணாடி நாரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. கறளும் இல்லை, உக்கலும் இல்லை. மண்வெட்டிக்கு விற்கும் கண்ணாடி நார்ப் பிடியை வெட்டிப் பொருத்தலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் மேற்பூச்சுப் போய் நார் கையில் குத்தும். படகின் விளிம்பில் நடப்பதும் அதுதான். பூச்சு மங்கத் தொடங்கும்போதே வண்ணம் பூசுங்கள். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் முகக்கவசம் அணியுங்கள். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

காபன் நார்க் குழாய் 700 கிராமில் அடங்கிவிடும். முதுகுவலி உள்ளவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் விலை அதிகம். தாங்கும் எல்லையைத் தாண்டினால் முன்னறிவிப்பின்றி முறியும். நட்டை இறுக்கினால் குழாய் நசுங்கும் என்பதால், மூட்டு வரும் இடத்தில் உள்ளே ஒரு மர ஆப்பை பசை பூசி இறுக்கிய பிறகே துளையிட வேண்டும். காபன் மின்னைக் கடத்துவதால் உப்புநீரில் அலுமினியத்தோடு சேர்க்கவே கூடாது.

ஊரில் எஸ்லோன் பைப் என்று சொல்லும் பிவிசி குழாயை மலிவு என்று எடுக்காதீர்கள். வெயிலில் வளையும், குளிரில் வெடிக்கும்.

உலோகப் பிடி கருவியைக் குழப்பாதா என்று சிலர் கேட்பார்கள். கூடை எப்படியும் உலோகம்தான். பிடி எதுவானாலும், தேடும்போது ஸ்கூப்பை ஒரு கை தூரம் பின்னால் இழுத்துக்கொண்டு நடந்தால் போதும்.

மூட்டு

எந்தப் பொருளைத் தெரிந்தாலும் மூட்டைச் சரியாகச் செய்யாவிட்டால் பயனில்லை. பிடி கூடையின் குழிக்குள் குறைந்தது ஒரு சாண் இறங்கியிருக்க வேண்டும். ஒரு போல்ட் போட்டால் பிடி அதைச் சுற்றி ஆடும். இரண்டு போடுங்கள். இரண்டையும் ஒரே நேர்கோட்டில் நெருக்கமாகப் போடாமல் விலக்கிப் போடுங்கள். பிடியைச் சாய்க்கும்போது இழுபடும் முன்பக்கத்திலும் நசுங்கும் பின்பக்கத்திலும் துளை வரக்கூடாது. பக்கவாட்டில் போடுங்கள். கழராத நட்டுகளைப் பாவியுங்கள். மேலே கை பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் ரியூப்பையோ ஹொக்கி மட்டைக்குச் சுற்றும் துணிநாடாவையோ சுற்றினால் நனைந்த கை வழுக்காது.

ஏரியில் முதன்முறை தேடப்போகும் ஒருவருக்கு நான் சொல்வது நுனி அடைத்த அலுமினியம் அல்லது எண்ணெய் ஊறிய ஆஷ். கடலுக்கு கண்ணாடி நார் அல்லது 316 உருக்கு. போவதற்கு முன் அந்தக் கரை யாருடைய பொறுப்பில் உள்ளது என்று கேளுங்கள். பல பூங்காக்களில் அனுமதி இல்லாமல் இந்தக் கருவிகளைப் பாவிக்க முடியாது.

நந்திக்கடலில் தேடலாமா?

முல்லைத்தீவிலிருந்து பேசும் உறவுகள் இந்தக் கருவியைப் பற்றி அறிந்ததும் கேட்கும் கேள்வி இது. அதில் பேராசை இல்லை. 2009 மே மாதத்தில் கழுத்தளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து நடந்தவர்களின் கேள்வி அது. அப்போது விழுந்ததை யாரும் குனிந்து எடுக்கவில்லை.

என் பதில்: வேண்டாம். ஸ்கூப் வேலை செய்வது காலால் மிதிக்கும் பாரத்தில். மிதிவெடி செய்யப்பட்டிருப்பதும் அதே பாரத்துக்காகத்தான். பிளாஸ்ரிக் உறை போட்ட மிதிவெடிகள் தண்ணீரில் கிடந்தும் செயலிழக்காமல் இருக்கக்கூடும். வெள்ளத்தில் இடம் மாறவும் கூடும். அவற்றில் உலோகம் மிகக் குறைவு. எறிகணைச் சிதறல்கள் நிறைந்த மண்ணிலோ கருவி அடிக்கு அடி சத்தமிடும். எந்தச் சத்தம் மோதிரம், எந்தச் சத்தம் வெடிபொருள் என்று அது பிரித்துச் சொல்லாது. கண்ணிவெடி அகற்றுவோர் நீண்ட பிடி போட்ட விறாண்டியால் மண்ணை மெதுவாகச் சுரண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு அந்தப் பிடியோடு முகக்கவசமும் மார்புக்கவசமும் பயிற்சியும் பக்கத்தில் மருத்துவ உதவியும் இருக்கின்றன. மிதிவெடித் தடைச் சமவாயத்தில் இலங்கை 2017இல் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்க வேண்டிய காலக்கெடு 2028 ஜூன். வேலை இன்னும் முடியவில்லை.

சட்டமும் இடம் தராது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடி அகழ்வது குற்றம். புதையல் தேடினார்கள் என்று கருவிகளோடு கைதானவர்களின் செய்திகளை நீங்களே வாசித்திருப்பீர்கள். தாலி தேடினேன் என்று அந்த இடத்தில் நிரூபிப்பது கடினம்.

இன்னொன்றும் உண்டு. கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் மனித எச்சங்கள் வெளிப்பட்டது தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோதுதான். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் குடும்பங்களுக்கு அந்த மண்ணில் கிடக்கும் ஒரு பொத்தானும் ஒரு துணித்துண்டும் சாட்சியம். எது எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதும் சாட்சியம். ஒரு கூடை மண்ணை அள்ளி ஆட்டிவிட்டால் அதைத் திரும்ப எழுத முடியாது.

அங்கே கரையிலோ வயலிலோ சந்தேகமான எதையாவது கண்டால் தொடாதீர்கள். வந்த காலடித் தடத்திலேயே திரும்பி, தூரத்தில் ஓர் அடையாளம் வைத்து, கிராம அலுவலரிடமோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினரிடமோ பொலிஸாரிடமோ சொல்லுங்கள். எலும்போ உடைமையோ கண்டால், இடத்தைக் கலைக்காமல் பொலிஸாருக்கு அறிவிப்பதோடு ஒரு சட்டத்தரணிக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் சங்கத்துக்கும் தெரியப்படுத்துங்கள்.