ஓடாத காரின் பேட்டரி: கண்ணும் மூச்சும் பத்திரம்

பேட்டரி இறங்கிப்போவது மெக்கானிக் சமாச்சாரம்தானே, அதில் உடல்நலத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இறங்கிய பேட்டரியை எழுப்ப வீட்டில் நாம் செய்யும் காரியங்களில்தான் ஆபத்து இருக்கிறது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடுகிறோம். வெறுங்கையால் ஆசிட் மூடியைத் திறக்கிறோம். ஸ்டென்ட் வைத்தவரே இறங்கி வண்டியைத் தள்ளுகிறார். 2020 ஊரடங்கில் வாரக்கணக்கில் நின்ற கார்கள் பல, மறுபடி சாவியைத் திருகியபோது செல்ஃப் எடுக்கவில்லை. ஊரடங்கு போய்விட்டது, கார் நிற்பது போகவில்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்கள் என எத்தனையோ வீடுகளில் வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கோ மார்க்கெட்டுக்கோ போய்வருவதோடு காரின் ஓட்டம் முடிந்துவிடுகிறது.

நிற்கும்போதும் செலவு உண்டு

ஸ்டார்ட் செய்வதுதான் பேட்டரியைக் காலி செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் வரை இழுப்பது உண்மைதான், ஆனால் இரண்டு மூன்று விநாடிக்குத்தான். கணக்குப் போட்டால் 0.125 ஆம்பியர் மணிதான் வரும். சிறிய காரில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அது ஒரு செலவே இல்லை.

உண்மையான செலவு சாவியை எடுத்த பிறகு நடக்கிறது. கடிகாரம், திருட்டு அலாரம், சென்ட்ரல் லாக், காரின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து இரவும் பகலும் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 என்று வைத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி, வாரத்துக்கு 8க்கு மேல். பதினைந்து நாள் நின்றால் பாதி பேட்டரி காலி. டேஷ்கேமோ ஜிபிஎஸ் டிராக்கரோ மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம்.

இப்படி ஒரு வாரம் நின்ற காரை எடுத்துக்கொண்டு ஏசியும் ஹெட்லைட்டும் போட்டு, பத்து நிமிடம் போய்விட்டுத் திரும்பினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தருவதில் பெரும்பங்கு அவற்றுக்கே போய்விடும். பேட்டரியும் சார்ஜை மெல்லத்தான் ஏற்றுக்கொள்ளும். நின்றபோது செலவானதில் ஒரு பங்குதான் திரும்ப வரும். பற்றாக்குறை வாராவாரம் கூடும். அரைகுறை சார்ஜில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடுகின்றன. அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. நம் ஊர் வெயில் இந்தச் சீரழிவை இன்னும் வேகப்படுத்தும்.

ஆறு மணி நேரம் நின்ற வண்டியில் மல்ட்டிமீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் தாமதிக்காமல் சார்ஜ் ஏற்றவேண்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். அது இல்லையென்றால் பழுது ஆல்டர்னேட்டரிலோ வயரிங்கிலோ இருக்கலாம். வோல்ட் குறைந்தால் ஏபிஎஸ், ஸ்டியரிங் விளக்குகள் காரணமில்லாமல் எரியும், கண்ணாடிகள் மெதுவாக ஏறும், சாவி பட்டனை அமுக்கினால் கதவு திறக்காது. சென்சார் போய்விட்டது என்று சொல்லி மெக்கானிக் பணம் கேட்டால், முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூடிய ஷெட்டில் எஞ்சின் ஓடக்கூடாது

"தினம் பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க சார்" என்பது எல்லோரும் சொல்லும் யோசனை. நல்ல யோசனை இல்லை. நின்ற இடத்தில் ஐடிலில் ஓடும் எஞ்சின் பேட்டரிக்குப் பெரிதாக எதுவும் சேர்ப்பதில்லை. ஷெட்டின் ஷட்டரை மூடிவைத்துக்கொண்டோ, காற்றோட்டமில்லாத பேஸ்மென்ட்டிலோ இதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250 டிகிரிக்கு மேல் சூடேறிய பிறகுதான் சரியாக வேலை செய்யும்; குளிர்ந்த எஞ்சின் முதல் சில நிமிடங்களில்தான் இந்த நச்சை அதிகமாகக் கக்குகிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாது.

முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் சோர்வு. பித்தம், வெயில், சாப்பாடு சேரவில்லை என்று எதையாவது சொல்லிப் படுத்துவிடுவோம். அங்கேதான் ஆபத்து. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து 98 காட்டுகிறது என்று நிம்மதி அடையவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதையும் அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கர்ப்பிணிகள், குழந்தைகள், இதய நோயாளிகள் சீக்கிரம் பாதிக்கப்படுவார்கள். ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் கதவு இருந்தால் வாயு கதவிடுக்கு வழியே படுக்கையறைவரை போகும்.

ஒருவர் மயங்கிக் கிடந்தால், முடிந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஷட்டரைத் திறந்து அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். உடனே 108க்கு அழையுங்கள். காரின் புகையைச் சுவாசித்தார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். அப்போதுதான் உரிய ரத்தப் பரிசோதனையும் ஆக்சிஜன் சிகிச்சையும் தாமதமில்லாமல் நடக்கும்.

ஆசிட் கண்ணில் பட்டால்

பேட்டரிக்குள் இருப்பது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கந்தக அமிலம் கலந்த தண்ணீர். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற மூடியைத் திறக்கும்போதோ, பேட்டரியைச் சாய்த்துத் தூக்கும்போதோ ஒரு துளி தெறித்தால் போதும், கருவிழி வெந்துவிடும்.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீர். குழாயைத் திறந்து, இமையைக் கையால் விரித்துப் பிடித்துக்கொண்டு, குறைந்தது 20 நிமிடம் கழுவவேண்டும். ஒரு கண்ணில் மட்டும் பட்டிருந்தால் நல்ல கண் மேலே இருக்கும்படி தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, சோடா உப்புக் கரைசல் ஊற்றுவது எதுவும் வேண்டாம். கண்ணைக் கசக்கவும் கூடாது. கழுவிய பிறகு எரிச்சல் குறைந்தாலும் கண் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

மிச்ச ஆசிட்டைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். தாகத்தில் எடுத்துக் குடிக்கும் குழந்தைக்கு உணவுக்குழாய் வெந்துபோகும். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது அது இன்னொரு முறை சுடும். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

டெர்மினல் பூத்து, வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பொடி படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஈய உப்பும் அமிலமும் இருக்கும். காய்ந்த துணியால் தட்டி ஊதாமல், கையுறை போட்டு, சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். அதற்கு முன் மோதிரம், காப்பு, வளையலைக் கழற்றிவிடுங்கள். பிளஸ் முனையைத் தொட்ட ஸ்பேனரின் மறுமுனையில் மோதிரம் பட்டு, மோதிரம் பாடியையும் தொட்டால், அந்த உலோகம் கண நேரத்தில் பழுத்து விரலைச் சுற்றிலும் சுட்டுவிடும்.

ஜம்ப் கேபிள் போடும் வரிசை

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் இருந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். வெடித்தால் ஆசிட்டும் பிளாஸ்டிக் துண்டுகளும் முகத்தில்தான் வந்து அடிக்கும். பொறி பறப்பது பெரும்பாலும் கடைசி இணைப்பில். அதனால்தான் வரிசை முக்கியம்: சிவப்பு, இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில், கருப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை மட்டும் இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அதிலிருந்து தள்ளி எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டவேண்டும். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக. உப்பியோ விரிசல் விட்டோ இருக்கும் பேட்டரிக்குக் கேபிளே போடக்கூடாது. சார்ஜரில் போட்டிருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விலகிவிடுங்கள்.

யார் தள்ளுவது?

உடல் உழைப்புப் பழக்கமே இல்லாத, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் திடீரென்று ஒரு டன் எடையைத் தள்ளுவது மாரடைப்பைத் தூண்டக்கூடும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் ஸ்டியரிங்கில் உட்காருங்கள், தள்ளாதீர்கள். ஆட்டோமேட்டிக் கார்களில் பெரும்பாலானவை தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. நடுராத்திரி நெஞ்சுவலி வந்தால் வீட்டுக் காரை நம்பி நேரத்தைக் கழிக்காமல் 108ஐ அழைப்பதே சரி.

கடைக்கு நடங்கள்

ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் காரை எடுப்பது பேட்டரிக்கும் கெடுதல், உங்களுக்கும் பயனில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; காய்கறிக்கும் பாலுக்கும் நடந்தாலே அதில் பெரும்பங்கு வந்துவிடும். காரை வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் நிற்காமல் ஓடும் சாலையில் ஓட்டுங்கள். அது முடியாதவர்கள், நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்றை வாங்கி, காற்றோட்டமான இடத்தில் மாட்டிவைக்கலாம். மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள் மைனஸ் கேபிளைக் கழற்றிவிட்டுப் போகலாம்.

பழைய பேட்டரியை எங்கே கொடுப்பது

அரைகுறை சார்ஜில் கிடந்து பாதி ஆயுளில் செத்துப்போகும் ஒவ்வொரு பேட்டரியும் கிலோக்கணக்கில் ஈயத்தை வெளியே அனுப்புகிறது. செனகல் நாட்டின் டக்கார் அருகே தியாரோயே என்ற குடியிருப்பில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த மண்ணால் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃப் அறிக்கை சொன்னது. பேட்டரிகளை முறையின்றி உடைத்து உருக்குவதை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் காட்டியது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

காயலாங்கடையில் நூறு இருநூறு கூடக் கிடைக்கலாம். அங்கே போனால் அது யார் வீட்டுக் கொல்லையில் உடைபடும் என்று நமக்குத் தெரியாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதன் விலையைப் பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.