மருந்தடிக்கும் வேலைக்கு என்ன விலை சொல்வது?

1990 ஆம் ஆண்டிலும், பின்னர் 2006, 2007 ஆம் ஆண்டுகளிலும் படுவான்கரையிலிருந்தும் வாகரைப் பக்கத்திலிருந்தும் வயலை விட்டு வந்த குடும்பங்கள் பல. சிலர் திரும்பிச் சென்றனர். சிலர் பட்டினத்தை அண்டியே தங்கிவிட்டனர். காணி கையில் இல்லாவிட்டாலும், பூச்சியைக் கண்டு அறியும் பழக்கம் இவர்களிடம் உண்டு. புளியந்தீவிலும் கல்லடியிலும் தென்னையில் வண்டு, கத்தரியில் பூச்சி, களஞ்சிய அறையில் எலி என்று சில்லறை வேலைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. இவ்வேலைக்குச் சரியான விலை சொல்லத் தெரியாவிட்டால், உழைப்பு இருக்கும், வருமானம் இராது.

டாங்கிக் கணக்கின் குறை

போடியாரின் வயலில் முல்லைக்காரராக இருந்தவருக்குக் கூலி களத்தில் நெல்லாகக் கிடைத்தது. கூலிக்கு மருந்தடிப்பவருக்கோ டாங்கிக்கு இவ்வளவு என்று காசு கொடுப்பது வழக்கம். 16 லீற்றர் டாங்கியால் ஏக்கருக்கு 8 டாங்கி அடிப்பதானால், வயலில் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். ஒரு நாள் முழுவதும் ஒரே இடத்தில் வேலை இருப்பதே அதற்குக் காரணம்.

பட்டினத்து வீட்டுத் தோட்டத்தில் இரண்டு டாங்கிக்கு மேல் வேலை இராது. ஆனால் போய்வரும் நேரம், மெசினைக் கழுவும் நேரம், ஒரு வாரத்தின் பின் மீண்டும் பார்க்கும் நேரம் எல்லாம் உண்டு. டாங்கிக் கணக்கில் இவை எதுவும் சேருவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. டாங்கி கூடினால் கூலி கூடும் என்பதால், தேவையற்ற இடத்திலும் மருந்தடிக்க மனம் தூண்டப்படும். இதன் விளைவு நெல்வயலில் நன்கு தெரிந்தது. அறக்கொட்டி என்று நாம் சொல்லும் கபிலநிறத் தத்தியைத் தின்னும் சிலந்திகளையும் மருந்து கொன்றுவிடுகிறது. பின்பு தத்தி முன்னிலும் அதிகமாகப் பெருகுகிறது. இந்தோனேசியாவில் இவ்வாறு பெரும் அழிவு ஏற்பட்டதால், 1986 ஆம் ஆண்டில் அந்த அரசு 57 பூச்சி மருந்துகளை நெல்லுக்குப் பாவிக்கத் தடை செய்தது.

செலவை எழுதிப் பாருங்கள்

ஓர் உதாரணம் பார்ப்போம். தொகைகள் கணக்கை விளக்குவதற்கு மட்டுமே. உங்கள் ஊர் நிலவரத்தை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள். வேறு கூலிவேலைக்குப் போனால் 8 மணித்தியாலத்துக்கு 2,400 ரூபா கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மணித்தியாலத்துக்கு 300 ரூபா.

1. போய்வர 1 மணி, பூச்சியைப் பார்க்க அரை மணி, வேலை 1 மணி, கழுவ அரை மணி: மொத்தம் 3 மணித்தியாலம், 900 ரூபா.
2. ஒரு வாரத்தின் பின் மீண்டும் சென்று பார்க்க ஒன்றரை மணித்தியாலம்: 450 ரூபா.
3. இருமுறை பஸ் செலவு: 200 ரூபா.
4. மருந்து: 300 ரூபா.
5. மெசின், கையுறை, முகக்கவசம் ஆகியவற்றின் தேய்மானம்: 150 ரூபா.

கூட்டினால் 2,000 ரூபா. மழையாலும் காற்றாலும் வேலையற்றுப்போகும் நாட்களுக்காக ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 400 ரூபா சேர்த்தால் 2,400 ரூபா.

இதே வேலைக்கு டாங்கிக்கு 500 என்று இரண்டு டாங்கிக்கு 1,000 ரூபா வாங்கியவரைப் பாருங்கள். பஸ், மருந்து, தேய்மானம் ஆகிய 650 ரூபாவைக் கழித்தால் மிஞ்சுவது 350. நாலரை மணித்தியால உழைப்புக்கு மணிக்கு 80 ரூபாகூட இல்லை.

மருந்து விலை வேறு, கூலி வேறு

2021 மே மாதத்தில் இரசாயன உரமும் விவசாய மருந்தும் இறக்குமதி செய்யத் தடை வந்தது. நவம்பரில் தடை நீங்கியது. 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது மருந்து விலை மேலும் ஏறியது. மருந்தையும் கூலியையும் ஒரே தொகையாகப் பேசியிருந்தால், இப்படியான ஏற்றம் முழுவதும் உழைப்பவரின் தலையில்தான் விழும். ஆகவே இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டுக்காரரே மருந்தை வாங்கித் தரட்டும். அவ்வாறு செய்தால் மீதி மருந்தை நீங்கள் குடிசையில் பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்கவேண்டிய ஆபத்தும் இல்லை. சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மருந்தில்லாத வேலைக்கும் விலை உண்டு

தென்னையில் காண்டாமிருக வண்டு இருந்தால், குருத்துத் துவாரத்தில் கொக்கிக் கம்பியை விட்டு வண்டை எடுக்கலாம். அது முட்டையிடும் எருக்குவியலையும் உக்கிய தென்னங் குற்றியையும் அகற்றவேண்டும். எலிக்கு, உணவை மூடி வைத்து, வந்துபோகும் துவாரத்தை அடைத்துப் பொறி வைப்பதே முதல் வேலை. இவற்றில் மருந்து இல்லை, அறிவும் உழைப்பும் உண்டு. “மருந்தே அடிக்கவில்லையே, எதற்குக் காசு?” என்று வீட்டுக்காரர் கேட்கக்கூடும். ஆகையால் வேலை தொடங்குமுன்பே, “வந்து பார்ப்பதற்கு இவ்வளவு, வேலை செய்தால் இவ்வளவு, ஒரு வாரத்தின் பின் திரும்பி வந்து பார்ப்பேன்” என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பது இன்னும் நல்லது.

பூச்சி முற்றாக ஒழியும் என்று உறுதி கொடுக்காதீர்கள். பக்கத்து வளவிலிருந்து அது மீண்டும் வரலாம். வீட்டு அத்திவாரத்தில் துளையிட்டுக் கறையானுக்கு மருந்து செலுத்துவது போன்ற வேலையை, எவ்வளவு காசு தந்தாலும், பயிற்சி இல்லாமல் ஏற்கவேண்டாம். சந்தேகம் இருந்தால் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் உரிய காசை விலை குறைக்கும்போது விட்டுக்கொடுக்காதீர்கள். அதை விட்டுக்கொடுத்தால் உங்கள் உடம்பிலிருந்தே அந்தக் காசைக் கொடுக்கிறீர்கள்.

கூடிப் பேசுங்கள்

ஒருவர் 2,400 சொல்ல, அயலவர் 1,000 சொன்னால் இருவருமே கெடுவர். இத்தொழில் செய்யும் ஐந்தாறு குடும்பங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ ஒன்றுகூடி, மேலே உள்ள கணக்கைத் தங்கள் தொகைகளுடன் போட்டுப் பார்க்கட்டும். இதற்குக் கீழே போகமாட்டோம் என ஓர் எல்லையை ஒத்துக்கொள்ளட்டும். ஒரு மெசினைப் பொதுவாக வாங்கினால் தேய்மானச் செலவும் குறையும். விலைவாசி மாறும்போது மீண்டும் கூடி அந்த எல்லையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.